மாத்திரை உண்மையாகவே இரத்தத்தில் இருக்கிறதா?

லூபஸ் நோய்க்காக மூன்று ஆண்டுகளாக எங்களிடம் சிகிச்சை பெற்று வரும் ஓர் இளம்பெண்ணின் தாயார், பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு அண்மையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "எம்பொண்ணு மாத்திரை சாப்பிடுறாளா இல்லையான்னு ரத்தத்த எடுத்துப் பாக்கணுமா டாக்டர்? தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான்தான் கையில எடுத்துக் குடுக்கிறேன். எங்க பேச்சு மேல நம்பிக்கை இல்லையா?"

அவர் கேட்டதில் வருத்தம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மருந்தின் அளவை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையை நாங்கள் இப்போது பலருக்கு எழுதித் தருகிறோம். எதற்காக எழுதுகிறோம் என்பதை ஒவ்வொருவரிடமும் நிதானமாக விளக்க வெளிநோயாளர் பிரிவின் நெரிசல் இடம் கொடுப்பதில்லை. ஆகவே அந்தத் தாயாருக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் மருந்தைப் பற்றி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அடிப்படையில் மலேரியாவுக்கான மருந்து. மருந்துக்கடையில், "இது மலேரியா மாத்திரை ஆச்சே, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கப்பட்டுக் குழம்பித் திரும்பி வந்தோர் பலர். 2020-இல் இதே மருந்து கொரோனா மாத்திரை என்று பெயர் பெற்றது. அப்போது கடைகளில் கிடைக்காமல் லூபஸ் நோயாளிகள் அலைந்ததை நம் வாசகர்களில் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். மலேரியா மருந்துகள் லூபஸுக்கும் பயன்படுவது புதிய செய்தியன்று. மெப்பாக்ரின் என்னும் மலேரியா மருந்தால் லூபஸ் நோயாளிகளின் தோல் புண்கள் ஆறியதைப் பேஜ் என்னும் மருத்துவர் 1951-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். மெப்பாக்ரினைவிடப் பாதுகாப்பான ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழிதவறிப் போன நோய் எதிர்ப்பு மண்டலத்தை இது மெல்ல அமைதிப்படுத்துகிறது. ஆகவே, மருத்துவக் காரணம் ஏதும் குறுக்கே நின்றாலொழிய, லூபஸ் நோயாளிகள் அனைவருக்கும் இது அடிப்படை மருந்தாகத் தரப்படுகிறது.

மருந்தை இரத்தத்தில் அளக்கும் வழக்கமும் மலேரியாவிலிருந்தே வந்தது. அந்தக் கதையில் அந்தத் தாயாரின் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது.

மலேரியாவுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த குவினைன். நம் பாட்டிமார் 'கொய்னா' என்று சொன்னது அதைத்தான். வால்பாறைக்கு அருகில் சின்கோனா என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், உலகின் குவினைனில் பெரும்பங்கைத் தந்துவந்த ஜாவாத் தீவு 1942-இல் ஜப்பானியர் கைக்குப் போனது. நேச நாட்டுப் படைகள் மெப்பாக்ரினை நம்ப வேண்டியதாயிற்று. அது தோலை மஞ்சளாக்கியது, வயிற்றைப் புரட்டியது. எவ்வளவு கொடுத்தால் வேலை செய்யும் என்பதும் தெளிவாக இல்லை. நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. அக்குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் பிராடியும் சிட்னி யூடன்ஃபிரெண்டும், இம்மருந்து புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் என்னும் இயல்பைக் கொண்டு, இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி கண்டனர். விழுங்கிய மருந்தின் பெரும்பகுதி உடலின் திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்வதும், முதல் நாட்களில் இரத்தத்தில் போதிய அளவு சேராததும் அப்போதுதான் தெரிந்தன. தொடக்கத்தில் அதிகமாகவும் பிறகு நாள்தோறும் சிறிதளவும் கொடுக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. எத்தனை மாத்திரை விழுங்கினோம் என்பதைவிட, இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் இது ஒன்று.

இன்னொரு நிகழ்ச்சியும் அதே போரில் நடந்தது. 1944, 1945 ஆண்டுகளில் நியூ கினியின் ஐடாப்பே, வேவாக் பகுதியில் போரிட்ட ஆஸ்திரேலியப் படைக்கு மாத்திரை தரப்பட்டும் மலேரியா பரவியது. வீரர்கள் ஒழுங்காக மாத்திரை விழுங்கவில்லை, கட்டுப்பாடு போதவில்லை என்பதே மேலதிகாரிகளின் முதல் முடிவு. பின்னர் கெய்ர்ன்ஸ் நகரில் நீல் ஹாமில்டன் ஃபேர்லியின் ஆய்வுக் குழு, அப்பகுதியின் மலேரியாக் கிருமியைத் தன்னார்வலர்களிடம் செலுத்தி, கண்காணிப்பின்கீழ் மருந்து கொடுத்துப் பார்த்தது. அந்தக் கிருமியே மருந்துக்கு எளிதில் மசியாத வகை என்று தெரிந்தது. இன்றும் மலேரியா ஆய்வுகளில் இதே கேள்விக்கு இரத்தமே விடை சொல்கிறது. வைவாக்ஸ் மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுத்த பிறகு கிருமி மீண்டும் தோன்றினால், இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 100 நானோகிராமுக்கு மேல் இருந்தும் கிருமி தோன்றியிருந்தால் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்று கொள்கிறார்கள். குறைவாக இருந்தால் கிருமியின் மேல் பழி போடுவதில்லை. மருந்து ஏன் போதவில்லை என்று தேடுகிறார்கள்.

அளந்து பார்ப்பதற்கு முன் யார்மேலும் குற்றம் சுமத்தக் கூடாது என்பதற்காகவே அளக்கிறோம் என்று அந்தத் தாயாரிடம் சொன்னோம்.

இனி, மருந்து உடலுக்குள் நடந்துகொள்ளும் விதம். இது சற்று விநோதமானது. ஆயினும் இதைப் புரிந்துகொண்டால் பரிசோதனை அறிக்கையின் பாதி புரிந்துவிடும். காய்ச்சல் மாத்திரை சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் அப்படிப் போவதில்லை. இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 40 நாட்கள் ஆகின்றன. இதனால் மருந்தைத் தொடங்கியவருக்கு அளவு ஏறி நிலைபெற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். "ரெண்டு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிடுவோர், மருந்து வேலை தொடங்கும் முன்பே கைவிட்டவர்கள்.

நிறுத்தும்போதும் இதே கணக்குத்தான். இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. நாற்பதாம் நாள் பாதியும் எண்பதாம் நாள் கால்பங்கும் இரத்தத்தில் எஞ்சியிருக்கும். அதற்குள், மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. எங்கள் அனுபவத்தில் லூபஸ் நோயாளிகளை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். நோய் அடங்கியிருந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தைத் தொடர்ந்தும், மறுபிரிவினருக்கு வெற்று மாத்திரை தந்தும் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் நோய் மீண்டும் சீறும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது.

பரிசோதனைக்கு நாங்கள் எடுப்பது ஊதா மூடி போட்ட சிறு குழாயில் சில மில்லிலிட்டர் இரத்தம். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. இம்மருந்து இரத்த அணுக்களுக்குள் மிகுதியாகச் சேர்வதால், தெளிந்த நீர்ப்பகுதியை மட்டும் பிரிக்காமல் முழு இரத்தத்தையும் ஆய்வுக்கு எடுக்கிறார்கள். குரோமட்டோகிராபி என்னும் முறையில் மருந்தை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, அதன் ஒளிர்வைக் கொண்டோ மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியைக் கொண்டோ அளக்கிறார்கள். இந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. மாதிரி வெளியூர் போய் வருவதால் அறிக்கை தாமதமாகலாம்.

அறிக்கையில் எண் நானோகிராமில் இருக்கும். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோகிராம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 1000 என்று அறிக்கை சொன்னால் பெரிய எண்ணாகத் தோன்றும். அந்தக் கணக்குப்படி உடலில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தம் முழுவதிலும் இருப்பது 5 மில்லிகிராம் மருந்துதான். அது ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. மீதமெல்லாம் திசுக்களில் இருக்கிறது.

எண்ணை எப்படிப் படிப்பது? பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்த அளவு குறைவாக இருந்தவர்களுக்கே நோய் மீண்டும் சீறியது மிகுதி என்று கண்டனர். 1000 என்னும் இலக்கு அங்கிருந்தே பரவியது. 200-க்கும் கீழே இருந்தால் மருந்து நெடுநாளாகவே உடலுக்குள் போகவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இடையில் இருக்கும் எண்களுக்கு ஒரே பொருள் கிடையாது. ஒரே எடையுள்ள இருவர் ஒரே மாத்திரையை ஒரே ஒழுங்கில் விழுங்கினாலும் ஒருவருக்கு 600-உம் மற்றவருக்கு 1200-உம் வரக்கூடும்.

1000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதை எட்டும்வரை எல்லோருக்கும் மாத்திரையைக் கூட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதே பிரெஞ்சு மருத்துவர்கள் அதையும் செய்து பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். அளவைக் கூட்டியவர்களிலும் கூட்டாதவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நோய் சீறியது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, எண்ணுக்காக மருந்தைக் கூட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு நீங்களாகவும் கூட்ட வேண்டாம். இந்தப் பரிசோதனை மிகத் தெளிவாகப் பேசுவது இரண்டு முனைகளில்தான். மருந்து அறவே இல்லாதபோது ஒன்று, தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டபோது மற்றொன்று.

மருந்து இல்லாத முனையை முதலில் பார்ப்போம். மூட்டுவலியும் முகச்சிவப்பும் திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு ஸ்டீராய்டைக் கூட்டவும் இன்னொரு மருந்தைச் சேர்க்கவும் ஆயத்தமாக இருந்தோம். இரத்த அளவு 90 என்று வந்தது. தனியாக அமர்த்திக் கேட்டபோது சொன்னார். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் உறவினர், "இந்த மாத்திரை சாப்பிட்டா கண்ணு போயிடும்" என்றிருக்கிறார். அன்று தொட்டு நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டையில் ஒவ்வொன்றாக உடைத்துக் குப்பையில் போட்டதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் சொல்லப் பயம். கண் மருத்துவரிடம் அனுப்பிக் கண்ணைச் சோதித்து, அச்சம் தெளிந்தபின் பழைய மருந்தையே மீண்டும் தொடங்கினோம். சில மாதங்களில் முகச்சிவப்பு தணிந்தது. கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. எலும்பையும் சர்க்கரையையும் முக அமைப்பையும் ஸ்டீராய்டு என்ன செய்யும் என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறைந்த எண்ணுக்கு நோயாளியே எப்போதும் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொரு பெரியவருக்கு 380 வந்தது. விசாரித்ததில் பிழை எங்களுடையது. தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடுதலாக ஒன்று என்று நாங்கள் எழுத எண்ணியதை, சீட்டின் சுருக்கமான வாசகம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்று படிக்கும்படி செய்துவிட்டது. அவர் எழுதியதை எழுதியபடியே பின்பற்றினார். அதன்பின் கிழமைவாரியாக எழுதித் தருகிறோம். வேறு சிலர் நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தை இதனோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். அது இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள்.

மறுமுனை கண்ணைச் சேர்ந்தது. அந்த உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று. இம்மருந்து நெடுநாளில் சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கும். பாதித்தபின் மீட்பது அரிது. ஆனால் எவ்வளவு பேருக்கு, எப்போது என்பதில்தான் உண்மையும் வதந்தியும் பிரிகின்றன. அமெரிக்காவில் 2361 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்தவர்களுக்கு, முதல் பத்து ஆண்டுகளில் இந்த அபாயம் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இருபது ஆண்டுகளுக்குப் பின் அது நூற்றுக்கு இருபதை நெருங்குகிறது. ஆகவே அளவு எடையைப் பொறுத்தது. 48 கிலோ எடையுள்ளவருக்கு உச்சவரம்பு நாளுக்கு 240 மில்லிகிராம். அதை வாரக் கணக்காக்கினால் 200 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்றும், ஒரு நாள் மட்டும் இரண்டும் வரும். எடை குறைந்துவிட்டால் அளவும் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இம்மருந்தை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தால், எடைக்கேற்ற அதே மாத்திரையே உடலில் மிகுதியாகத் தேங்கக்கூடும். அத்தகையவர்களுக்கு இரத்த அளவு ஒரு முன்னெச்சரிக்கையாகிறது. ஆனாலும் இரத்த அளவு சரியாக இருக்கிறது என்று கண் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப்புலப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் முன்பே விழித்திரை நோய் உள்ளவர்களும் ஐந்து ஆண்டு காத்திராமல் முன்னதாகவே ஆண்டுப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். எழுத்துப் பலகையைப் படித்துக் கண்ணாடி வாங்கி வருவது இந்தப் பரிசோதனை ஆகாது.

கருவுற்ற பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். கரு உறுதியானவுடன் எல்லா மாத்திரைகளையும் நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். மாமியாரும் அம்மாவும் அன்பினாலேயே அப்படிச் சொல்கிறார்கள். இம்மருந்தை மட்டும் அவ்வாறு நிறுத்தாதீர்கள். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இது தொடரப்படும் மருந்து. நிறுத்தினால் லூபஸ் சீறித் தாய், சேய் இருவருக்கும் ஆபத்தாகலாம். கர்ப்பத்தில் இரத்தத்தின் கொள்ளளவு கூடுவதால் ஒழுங்காக எடுத்தாலும் எண் சற்றுக் குறையலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

பரிசோதனைக்கு வரும் நாளில் வழக்கமான வேளையில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாட்களில் மட்டும் அவசரமாக விழுங்குவதில் பயனில்லை. ஒரு 200 மில்லிகிராம் மாத்திரை இரத்தத்தில் உச்சமாக ஏற்றுவது ஏறத்தாழ 130 நானோகிராம்தான். மருந்து உடலில் உருமாறி உண்டாகும் துணைப்பொருளையும் சில ஆய்வகங்கள் அளக்கின்றன. அண்மையில் மட்டும் விழுங்கியவரிடம் அது குறைவாகவே இருக்கும். எங்களிடம் மறைப்பதைவிட, "மூணு வாரமா போடல" என்று சொல்லிவிடுவது எளிது. குமட்டல், கசப்பு, தோல் கறுத்துப் போதல், பணமின்மை, மறதி, மணப்பேச்சு என எந்தக் காரணமும் எங்களுக்குப் புதியதன்று. உணவோடு சேர்த்து எடுப்பது முதல் வேறு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறுவது வரை, பலவற்றுக்கு வழி இருக்கிறது.

அந்தத் தாயாரின் மகளுக்கு அறிக்கை பத்து நாட்களில் வந்தது. 1240. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. மருந்து போதிய அளவு இருந்தும் நோய் அடங்கவில்லை என்பது உறுதியானதால், இன்னும் சில மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அடுத்தகட்ட மருந்தை அன்றே தொடங்கினோம். பழைய மாத்திரையும் தொடர்கிறது. அடுத்த முறை வரும்போது மகளின் எடையையும் மாத்திரை அட்டைகளையும் குறித்த ஏட்டைக் கொண்டுவரச் சொன்னோம். அந்த ஏடு அவர் கைப்பையிலேயே இருந்தது.